நாலாவது ஆள்

அந்தப் பழைய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு ஒரு கோணிச்சாக்கில் வந்தது. என் வீட்டுக்காரர் மணிகண்டராஜ் அதை வண்டியின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். சூலக்கரையில் நாங்கள் அப்போதுதான் வாடகைக்கு வந்திருந்தோம். முன் அறையில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

"சம்சு பாயோட பழைய இரும்புக் கடையில எடைக்குக் கெடந்துச்சு. பழைய கேமுக்கு இது போதும்" என்றார்.

எங்கள் மகள் கீர்த்திகா முழுப் பரீட்சை லீவில் செல்போனும் கையுமாகவே இருந்தாள். அதைப் பிடுங்க அவர் கண்டுபிடித்த வழி இது. மால்களில் இருக்குமே, நின்றுகொண்டு குச்சியை ஆட்டி, பட்டனைத் தட்டி விளையாடுகிற பெட்டி, அதை நாமே வீட்டில் செய்துவிடுவது. அவருக்கு விருதுநகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. அங்கே சாலிடரிங் வேலை என்னுடையது.

மூடியைக் கழற்றியதும் தூசிதான் கண்ணில் பட்டது. வழக்கமாகப் பழுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். இது சாம்பல் நிறம். விரலில் ஒட்டி வெள்ளியாக மினுங்கியது.

அந்த மினுக்கம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எம். புதுப்பட்டியில் ஒரு பயர் ஆபீசில் வேலை பார்த்தேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெடிமருந்து கலக்கி அடைக்கிற மருந்து ரூமிலிருந்து வெளியே வருகிறவர்களின் கைகள் இந்த நிறத்தில்தான் இருக்கும். ஆனால் பயர் ஆபீசில் கம்ப்யூட்டர் இருப்பது கணக்குப் பார்க்கும் கட்டடத்தில். மருந்து ரூம் அங்கிருந்து வெகுதூரம். அந்த மருந்துப் பவுடர் இவ்வளவு தூரம் பறந்து வந்து படிய வேண்டுமென்றால் என்ன நடந்திருக்க வேண்டும்?

நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன்.

பழைய பீரோவின் பலகையை அறுத்துப் பெட்டி செய்தோம். மானிட்டரைச் சாய்த்து வைத்து, இரண்டு பேர் விளையாட இரண்டு குச்சிகளும் பட்டன்களும் பொருத்தினோம். கடைசியில் கம்ப்யூட்டரின் இரும்புச் சட்டத்தைத் தொட்டபோது சுள்ளென்று அடித்தது. எர்த் கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கையில் ஒரு செம்புத் தகடு கிடந்தது. அதைப் பெட்டியின் பக்கவாட்டில், உள்ளங்கை படும் உயரத்தில் திருகி, எர்த் ஒயரோடு சேர்த்தேன். பயர் ஆபீசில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் அப்படி ஒரு தகடு உண்டு. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் ஒரு பொறியானால் போதும், ரூமே போய்விடும். அதனால் தகட்டில் கை வைத்து அதை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். யோசித்துச் செய்யவில்லை. என் கை தானாகச் செய்தது.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏ யோகு, இது என்ன, மருந்து ரூம் வாசலா? அப்ப நான்தான் போர்மேன். லேட்டா வந்தா உள்ள விட மாட்டேன்."

"போர்மேனுக்கு இன்னைக்குச் சோறு கெடையாது" என்றேன்.

கீர்த்திகா செல்போனை மறந்தாள். நான் நிம்மதியாக இருந்தேன்.

முதலில் அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்குள் செருப்போடு திரிகிறவள், நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பிறகு விளையாடும் முன் தகட்டில் ஒருமுறை உள்ளங்கையை வைத்து எடுத்தாள். என்னைப் பார்த்துச் செய்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் நான் அந்தத் தகட்டை மாட்டியதோடு சரி. தொட்டதே இல்லை.

பிறகு தலையில் இருந்த கிளிப்புகள் ஜன்னல் கட்டைக்குப் போயின.

"எதுக்குத்தா கழட்டுன?"

"குத்துதும்மா."

மறுநாள் அவளுக்குப் பிடித்த நைலான் கவுனை அவிழ்த்துவிட்டு, சாயம் போன பருத்திக் கவுனைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெயிலுக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து ரூமுக்குள் ஹேர்பின் கூடாது. நைலான் கூடாது. அந்த விதிகளை நான் அவளுக்குச் சொன்னதில்லை. பயர் ஆபீசில் வேலை பார்த்ததைக்கூடச் சொன்னதில்லை.

அடுத்து கொலுசு.

ஜன்னல் கட்டையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"கொலுசு என்னாச்சு கீர்த்தி?"

"அதப் போட்டுக்கிட்டு உள்ள வரக் கூடாதாம்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"அந்த அக்கா."

"எதுக்குள்ள வரக் கூடாது?"

"ரூமுக்குள்ள."

அவளுக்குப் பக்கத்தில் இரண்டாவது குச்சி மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. அதன் பட்டன்கள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. அவசரமே இல்லை. வேலை தெரிந்த கையின் நிதானம்.

கந்தக வாசனை வந்தது.

நான் குரலைத் தாழ்த்தினேன். "எத்தன பேரு இருக்காக?"

"மூணு பேரு. இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடமாம். நான் சின்னப் பிள்ளைல்ல, பரவாயில்லயான்னு கேட்டேன். சரி வான்னாக."

பயர் ஆபீசில் ஒரு ரூமுக்கு நாலு பேர். அது கணக்கு. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அஞ்சாவது ஆள் தண்ணீர் கொடுக்கக்கூட உள்ளே கால் வைக்க முடியாது.

அவளை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். பிளக்கைப் பிடுங்கினேன். கடைக்குப் போன் செய்தேன். அவர் முதலில் குச்சியின் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும் என்றார். என் குரலைக் கேட்டதும், "சரி, கடையச் சாத்திட்டு வந்து பிரிச்சிருறேன்" என்றார்.

சோற்றை வடித்துவிட்டுத் திரும்பினேன். கீர்த்திகா பக்கத்தில் இல்லை.

கரண்ட் போயிருந்தது. ஃபேன் நின்று, வீடே வெயிலில் அடைத்துப்போய்க் கிடந்தது.

முன் அறையிலிருந்து பட்டன் சத்தம் கேட்டது.

ஒரு கையின் சத்தம் இல்லை. பல கைகள்.

திரை கறுப்பாக இருந்தது. அதற்கு முன்னால் வெறுங்காலோடு என் மகள் நின்றிருந்தாள். வலது உள்ளங்கை தகட்டை நோக்கி உயர்ந்திருந்தது. இத்தனை நாள் விளையாட்டுக்காகத் தொட்டாள். இன்று விளையாட்டு இல்லை.

"அம்மா, வேலை தொடங்கப் போகுதாம். கூப்பிடுறாக."

அவள் கை படுவதற்குள் நான் தகட்டில் கை வைத்தேன்.

வெளியே அக்கினி நட்சத்திரம். தகடு கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது.

"நான் வந்துட்டேன்" என்றேன். "நாலு பேரு ஆயாச்சு. ரூம் நெறஞ்சிருச்சு. பிள்ளைய வெளிய அனுப்பிருங்க."

சத்தம் நின்றது.

என் இடது தோளை ஒட்டி யாரோ நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் தெரிந்தவர்களுக்கு இடம் விடுவோமே, அந்த மாதிரி.

கீர்த்திகா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

அந்த நிமிடத்தைப் பற்றித்தான் இன்னும் யோசிக்கிறேன். பயர் ஆபீசில் தினமும் தகட்டைத் தொட்டதும் வீடு என்னிடமிருந்து இறங்கிப் போய்விடும். அப்பாவின் இருமல், அம்மாவின் ஏச்சு, எல்லாம் வாசலோடு சரி. உள்ளே நான் வெறும் இரண்டு கைகள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி எதையும் இறக்கி வைக்க எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை. மகளுக்காகத்தான் கை வைத்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் வைத்த பிறகு உடனே எடுக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே அவர் பெட்டியைப் பிரித்து, தகடு உட்பட எல்லாவற்றையும் சம்சு பாயிடம் திருப்பிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று கேட்டேன். பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோடோட வந்துச்சு தங்கச்சி. கேக்காதீக."

கீர்த்திகா இப்போது நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கொலுசைக் கழற்றுவதே இல்லை. அந்த அக்காவைப் பற்றிக் கேட்டால், "எந்த அக்கா?" என்கிறாள். அவள் வீடு முழுக்க நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நேற்று சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். மாவு சாம்பல் நிறமானது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல்களில் மினுக்கம் போகவில்லை. அவர் கேட்டபோது கடையில் பட்ட ஈயம் என்று சொன்னேன்.

இன்று மதியம் வீட்டில் யாரும் இல்லை. நடக்கும்போது கால்விரல்கள் லேசாக இருந்தன. குனிந்து பார்த்தேன்.

என் மெட்டிகள் ஜன்னல் கட்டையில் இருந்தன, கொலுசு இருந்த அதே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் விரல் ரேகை பதிந்திருந்தது.

என் ரேகைதான்.