பக்கவாட்டு முகம்

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஆண்டர்சன்பேட்டை சரோஜம்மா தண்ணீர் லாரியில் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தபோது, வரமகாலட்சுமி கலசத்தின் கழுத்தில் தங்கச் சங்கிலி இல்லை. தேங்காய் இருந்தது, மஞ்சள் பூசிய முகம் இருந்தது, பூ கூட கலையவில்லை. கதவைச் சாத்தினாரே ஒழியப் பூட்டவில்லை.

பூஜை முடிந்தாலும் மறுநாள்வரை கலசத்தைக் கலைப்பதில்லை. நகையும் அம்மன் கழுத்திலேயே கிடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பூலம் வாங்க வந்த பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இனி யாரென்று தேடுவது?

தேடவே வேண்டாம் என்றது எதிர் மருந்துக் கடை கேமரா. சுடிதார், தலையில் துப்பட்டா, பக்கவாட்டில் முகம். பல் முட்டிக்கொண்டு, மூடாத உதடுகள் முன்னே தள்ளி நின்றன.

"ஐயையோ, இது நம்ம பவ்யா!" என்றார் சரோஜம்மா.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண். பெங்களூருவில் கண்ணாடிக் கடை வேலை. விடியும் முன்னே மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால், இருட்டிய பிறகுதான் வீடு. அந்தச் சனிக்கிழமை மட்டும் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் விநாயக் அவளுடைய பழைய அடையாள அட்டைப் படத்தை வாங்கி, கேமரா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே வாய். கேஸ் முடிந்தது என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஏ.எஸ்.ஐ. தம்மபாலனுக்கு முட்டி வலி, தூக்கமில்லை, ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். மதியத்துக்குள் பவ்யாவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்குள் சங்கிலி எங்கே என்று கேட்டுச் சொல்வது மட்டும் அவர் வேலை. ரிமாண்ட் ஆகிவிட்டால் அவளுக்கு வேலை போகும், பேர் போகும். அதெல்லாம் யாருக்குக் கவலை?

வராந்தா பெஞ்சில் அவள் அக்கா லதா, புடவைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, டிபன் கேரியரோடு காத்திருந்தாள். பூதிகோட்டையில் கட்டிக்கொடுத்தவள். பண்டிகைக்காக வந்திருந்தாள்.

உள்ளே பவ்யா மூக்குக்குக் கீழே எல்லாவற்றையும் துப்பட்டாவால் மூடி உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்தியாம்மா?"

"எடுத்தேன் சார்."

"எங்கேர்ந்து?"

"பீரோவுலேர்ந்து."

தம்மபாலன் கான்ஸ்டபிள் ஜூடித்தைப் பார்த்தார். "பூஜைக்குப் போனியா நீ?" என்று பவ்யாவிடம் கேட்டார்.

"எங்க சார், நான் ரயில் இறங்கி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அக்காதான் போனா."

"சங்கிலி இப்ப எங்க கீது?"

"தெரியல சார்... தொலைஞ்சிடுச்சு."

அவரோ பௌத்தர். ஜூடித்தோ ஞாயிறு சர்ச் பூசையை விட்டுவிட்டு டியூட்டிக்கு வந்தவள். புகாரில் ‘பூஜைச் சங்கிலி’ என்று மட்டுமே இருந்ததால், இரண்டு பேரும் நடைக்கு வந்து, வரமகாலட்சுமிக்கு நகை எங்கே போடுவார்கள் என்று கிசுகிசுத்தார்கள்.

"கலசத்து மேல சார். பக்கத்து வீட்டுல பார்த்திருக்கேன்."

"அப்போ இவ எடுக்கவே இல்ல. இன்னாத்துக்கு ஒத்துக்கினா?"

"வெக்கத்துல மூஞ்சிய வேற மூடிக்கினே கீறா, பாவம்."

வெட்கமா? எடுக்காத சங்கிலிக்கு என்ன வெட்கம்? தம்மபாலன் டீ சொன்னார். டீ வந்தது. பவ்யா தொடவில்லை. நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள் ஜூடித்.

"குடிம்மா, நான் திரும்பி உக்காந்துக்கிறேன்," என்று சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் கண்ணாடி மாட்டியிருந்தது. போலீஸ் புத்தி.

துப்பட்டா இறங்கியது. உதடுகள் ஒன்றோடொன்று அலுங்காமல் மூடியிருந்தன. முன்னே தள்ளிய வாய் இல்லவே இல்லை. மூக்கு எடுப்பாகத் தெரிந்தது, கன்னம் சற்று ஒட்டியிருந்தது. மேஜை மேலிருந்த படத்தைப் பார்த்தார்.

"பல்லுக்கு கம்பி போட்டியா?"

பவ்யா சட்டென்று துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குக் கம்பி போட்ட பல் டாக்டர் பிரதாப்பைப் போனில் பிடித்தார்கள். "ஆமா சார், நாலு பல் எடுத்து முன்பல்லை உள்ள இழுத்தோம். போன சித்திரையில கம்பி கழட்டினேன். பல்லு உள்ள போனா உதடும் பின்னாடியே போகும். பல்லு போன அளவுக்குப் போகாது, ஆனா பக்கவாட்டுல பார்த்தா நல்லா தெரியும். வளர்ற வயசு தாண்டினவங்க ஆச்சே, மூக்கும் தாடையும் இனிமே மாறாது. அதனால உதட்டோட மாத்தம் பளிச்சுனு தெரியும்."

"நேத்து மட்டும் பழையபடி முன்னாடி வந்திருக்குமா?"

"நேத்து ஒரு நாளைக்கு மட்டுமா? நல்ல கதை!"

பதினொன்றரை மணி. இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். தம்மபாலன் எழுந்து நின்று சொன்னார்.

"சார், நாம படத்தையும் படத்தையும் பார்த்தோம். எதிர்ல உக்காந்திருந்த பொண்ணப் பார்க்கல. ரெண்டு வருஷமா அந்தத் தெருவே இவள வெளிச்சத்துல பார்க்கல, அவங்க மனசுல இருக்கிறது பழைய மூஞ்சி. கேமராவுல இருக்கிறவளுக்கு அந்த மூஞ்சி இன்னும் கீது. இவ வெக்கத்துல வாய மூடல. வாயப் பார்த்தா நாம இவள விட்டுட்டு, அதே வாய் வேற யாருக்கு இருக்குதுன்னு தேடுவோம்னு மூடிக்கினா."

பிறகு வராந்தாவுக்குப் போனார். "லதாம்மா, அந்தத் தலைப்பக் கொஞ்சம் எடுங்க."

லதா எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டு முகம், கேமராவில் இருந்த அதே முகம். எப்போதும் புடவையில் பார்த்தவளைச் சுடிதாரில் தெரு அடையாளம் காணவில்லை.

அவளே இடுப்பில் முடிந்திருந்த சங்கிலியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"தங்கச்சிய மாட்டி வுடத்தான் அவ துணியப் போட்டியா?" என்று கத்தினார் விநாயக்.

"சத்தியமா இல்ல சார்! எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. அவளுக்கு மாறிடுச்சு. என் வூட்டுக்காரரு தினம் அவ போட்டோவக் காட்டி, 'நீயும் கீறியே'ம்பாரு. அவ துணியப் போட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். வாய் மட்டும் அப்படியே இருந்துச்சு. எனக்கும் கம்பி போட முடியும்னு டாக்டர் சொன்னாரு, பணத்துக்கு எங்க போவேன்? அதே துணியோட கடைக்குப் போற வழியில சரோஜம்மா வூட்டுக் கதவு சாத்தி மட்டும் இருந்துச்சு..."

ஜூடித் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

தம்மபாலன் பெரிய மூச்சு விட்டார். ஜெயித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. "நீ போலாம்மா," என்றார் பவ்யாவிடம்.

பவ்யா போகவில்லை. துப்பட்டா தோளில் கிடந்தது, இப்போது அவள் எதையும் மூடவில்லை.

"அவள இனி அவ புருஷன் வூட்டுல சேர்ப்பாங்களா சார்? நான் ஜெயிலுக்குப் போயிருந்தா திரும்பி வந்திருப்பேன். என் மூஞ்சியப் பார்க்கச் சொல்லி உங்கள யாரு சார் கேட்டது?"