ஜெசிந்தாவின் இருபத்தைந்தாம் மாதம்

கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த நகக்கண் அளவு நினைவுச் சில்லைக் கழற்றி, வானூர்தியின் முகப்புப் பலகையில் இருந்த பிளவுக்குள் ஜெசிந்தா செருகினாள். பலகை ஒருமுறை மஞ்சளாகச் சிமிட்டியது. பிறகு அவளுடைய குரலிலேயே பேசியது.

"வணக்கம். நான் ஜெசிந்தா பர்னாந்து. கூட இருக்கேன்."

இரண்டு வருடத்துக்கு முந்தைய குரல். ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் சிரித்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று அவள் நினைத்துப் பார்த்தாள்.

பக்கத்து இருக்கையில் அவளுக்குத் தேர்வு வைக்க வந்திருந்த தேர்வாளர் கேப்டன் சிவசைலம், மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டுத் தன் சாவி எண்ணை அழுத்தினார். விளக்கு பச்சைக்கு மாறியது.

விமானி ஆக விரும்புகிறவர்கள் முதலில் அறிவுத் தேர்வு எழுதவேண்டும். ஆறு மணி நேரம், நான்காயிரம் சூழ்நிலைகள். இயந்திரம் கோளாறானால் என்ன செய்வாய், முன்னால் மழை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போகும். விடை சரியா தவறா என்பதோடு, எத்தனை நொடி தயங்கினாய், எதைத் துணிந்தாய், எதற்கு அஞ்சினாய் என்பதையும் சேர்த்து அந்த மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஒரு முடிவுச்சுவடாகப் பதித்துவிடும். பறக்கும்போது விமானி மயங்கி விழுந்தாலோ, வேறு யாராவது ஊர்தியைக் கைப்பற்ற முயன்றாலோ அந்தச் சுவடு பொறுப்பேற்று ஓட்டும். பதினோரு வருடமாக எல்லா வானூர்திகளிலும் இதுதான் ஏற்பாடு. விமானிகள் அதை 'ரெட்டை' என்றார்கள். ரெட்டை வந்தபிறகு கடத்தல் ஒன்றுகூட நடக்கவில்லை.

சுவடு பதித்த இருபத்துநான்கு மாதத்துக்குள் செய்முறைத் தேர்வை முடித்துவிட வேண்டும் என்பது விதி. ஜெசிந்தாவின் கெடு அக்டோபர் 31. அக்டோபர் 29 அன்று வாய்மொழிக் கேள்விகள் முடிந்து ஊர்திக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தூத்துக்குடி ஓடுபாதை நான்கு நாள் மூடிக்கிடந்தது. திறந்தபோது நவம்பர் 3. மறுபடி அறிவுத் தேர்வுக்குக் காத்திருந்தால் ஐந்து மாதம் ஆகும். நடுக்கடல் காற்றாலைகளுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோகும் விமானி வேலை அதுவரை நிற்காது.

மூன்று நாளில் யாருக்கு என்ன மறந்துவிடும் என்றார் சிவசைலம். தேர்வு 29ஆம் தேதியே தொடங்கி முடிந்ததாகப் பதிவில் ஏற்றினார். முப்பது வருடம் பறந்தவர், இளகின மனசுக்காரர். இருவருமே அதைப் பெரிய தவறாக நினைக்கவில்லை.

மூன்று நாள் ஒரு பொருட்டே இல்லைதான். ஆனால் பதினாறு மாதத்துக்கு முன்னால் ஒன்று நடந்திருந்தது. அதைச் சிவசைலத்திடம் அவள் சொல்லியிருக்கவில்லை.

காலை ஏழே காலுக்கு ஓடுபாதையின் முனையில் நின்றார்கள். பக்கக்காற்று விட்டுவிட்டு அடித்தது. ஜெசிந்தா அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள். ஹெட்போனில் குரல் வந்தது.

"முதல் விலகல். இந்தக் காத்துக்கு நான் நிக்கமாட்டேனே."

சிவசைலம் சிரித்தார். தேர்வு நாளில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு வரும் என்றார். சுவடு எடுக்காத முடிவை ஓட்டுகிறவர் எடுத்தால் அது ஒரு விலகல்; மூன்றாவது வந்தால் மட்டும் ஓட்டுவது வேறு ஆள் என்று முடிவுகட்டி ரெட்டை கையில் எடுத்துக்கொள்ளும் என்பது அவளுக்கும் தெரியும்.

மேலே ஏறினார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. காற்றாலைகளின் வரிசைக்கு நேர்மேலே போகாமல் அவள் வெளிப்பக்கமாகச் சுற்றினாள். இறக்கைகளுக்கு மேல் காற்று புரளும் என்ற அச்சம். சுற்றிப் போவதில் தப்பில்லை, இரண்டு நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

"ரெண்டாவது விலகல். நான்னா நேராத்தான் போவேன்."

குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

தென்கிழக்கில் மேகம் சுவராக எழும்பி நின்றது. அடிப்பகுதி கறுத்து, கடலோடு ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் வெளிச்சமாக ஒரு சந்து. அவர்கள் இறங்கவேண்டிய மிதவை ஓடுதளம் அந்தச் சந்துக்கு அப்பால் பன்னிரண்டு மைலில் இருந்தது. சந்து ஒடுங்கிக்கொண்டு வருவதை ஜெசிந்தா பார்த்தாள். திரும்பிவிடலாம் என்று சிவசைலத்திடம் சொல்லிவிட்டு, ஊர்தியைத் திருப்பும் கோலை இடப்பக்கம் சாய்த்தாள். அவர் தலையாட்டி, மதிப்பெண் தாளில் ஏதோ எழுதினார். சரியான முடிவு என்றுதான் எழுதியிருப்பார்.

கோல் அவள் கைக்குள் இறுகியது. பாறையில் நட்ட கம்பிபோல நின்றுவிட்டது. ஊர்தி தானாகவே நிமிர்ந்து மறுபடி மேகத்தைப் பார்த்துத் திரும்பியது.

"மூணாவது விலகல். இடது சீட்ல இருக்கறது ஜெசிந்தா இல்ல. இனிமே நான் ஓட்டுதேன். ரெண்டுபேரும் பெல்ட்டை இறுக்கிக்கோங்க."

சிவசைலம் தன் பக்கத்துக் கோலை இழுத்தார். அதுவும் அசையவில்லை. ரெட்டையை விலக்கத் தேர்வாளருக்குரிய தன் சாவி எண்ணை அழுத்தினார். இன்று தேர்வு எதுவும் இல்லை என்று பலகையில் எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினார், அதே எழுத்து. 29ஆம் தேதியோடு முடிந்ததாக அவரே பதிந்த தேர்வு. தரைக் கட்டுப்பாட்டை அழைத்தார். சில்லைப் பிடுங்கினாலும் ரெட்டை போகாது, தரையிலிருந்து அதை நிறுத்த வழி வைக்கவில்லை, வைத்திருந்தால் கடத்துகிறவனும் அதே வழியில் வருவான் என்று ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே விளக்கியது.

சிவசைலம் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். "என்னாலதாம்மா இது. நான் தேதியை மாத்தியிருக்கக் கூடாது" என்றார்.

ஊர்தி சந்துக்குள் நுழைந்தது.

இரண்டு பக்கமும் இருட்டு. மழை கண்ணாடியில் சரளைக்கல்லாக விழுந்தது. ஊர்தி திடீரென்று கீழே போயிற்று. மறுபடி தூக்கி எறிந்தது. வலது இறக்கைக்கு வெளியே மின்னல் வெட்டியபோது கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது. அலைநுரை ஒவ்வொன்றும் தெரிந்தது.

"கொஞ்ச நேரம் ஆடும். ஒண்ணும் ஆவாது. போயிரலாம்" என்றது குரல்.

அது ஜெசிந்தாவின் சொல். பதினாறு மாதத்துக்கு முன் துறைமுகத்தில் அதே குரலில் அதே சொல்லை அவள்தான் சொன்னாள். அப்போது அவள் காற்றாலைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தாள். கூட வேலை செய்த மிக்கேல் அண்ணன் கடலைப் பார்த்துத் தயங்கினார். இன்றைக்கு வேண்டாமே என்றார். ஒண்ணும் ஆவாதுண்ணே, போயிரலாம் என்று இவள்தான் முதலில் படகில் குதித்தாள். படகு கவிழ்ந்தபின் ஒன்பது மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கிடந்தாள். மிக்கேலும் படகில் இருந்த இன்னொருவரும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் ஒரு கணம் நின்று யோசிக்கிறவள் ஆனாள். அந்த ஒரு கணத்தைத்தான் ரெட்டை விலகல் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதற்குப் படகு தெரியாது. மிக்கேல் அண்ணன் உயிரோடு இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

நான்தான் ஜெசிந்தா என்று கத்தலாம். அது நம்பாது. ஆளைச் சரிபார்க்க அது கேள்வி கேட்கும்; பழைய ஜெசிந்தாவாகப் பதில் சொன்னால் கோலைத் திருப்பித் தரும். ஆனால் கோல் கைக்கு வந்து, கரைப்பக்கம் திருப்பிய மறுநொடி மறுபடி பிடுங்கிக்கொள்ளும். முன்னே போகிற வரைக்கும்தான் அவள் ஜெசிந்தா.

பழைய ஜெசிந்தா எதற்குத் திரும்புவாள்?

ஊர்தி இன்னொரு முறை சரிந்தது. பின்னால் ஏதோ கழன்று உருண்டது. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆறு மணி நேரத் தேர்வை நினைவுக்குக் கொண்டுவந்தாள். புயல், தீ, எரிபொருள். எல்லாவற்றுக்கும் அவள் முன்னே போவேன் என்றே சொல்லியிருந்தாள். ஒரே ஒரு கேள்வி தவிர. பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி, இறங்குமிடம் ஐந்து நிமிடம், ஆனால் அங்கே டாக்டர் இல்லை. திரும்புவேன் என்று ஒரு நொடிகூடத் தயங்காமல் அழுத்தியிருந்தாள். அவள் அப்பா நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, வலையை இழுத்து முடித்துவிட்டுத்தான் படகைத் திருப்பினார்கள். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்தக் கோபம் மிக்கேலின் படகு கவிழ்ந்ததற்கு முந்தியது. அது ரெட்டையிடமும் இருக்கும்.

பேசினால் அதற்குக் கேட்டுவிடும். சிவசைலத்தின் மடியிலிருந்த மதிப்பெண் தாளை இழுத்து, பேனாவால் கோணல்மாணலாக எழுதினாள்: நெஞ்சைப் பிடிங்க.

அவர் படித்தார். புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. பிறகு இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"பயணிக்கு நெஞ்சுவலி. வயசு அம்பத்தெட்டு. மூச்சு வாங்குது" என்றாள் ஜெசிந்தா. குரல் உடையாமல் சொல்லிவிட்டாள்.

பறக்கிற எவர் கையிலும் நாடிப்பட்டை கட்டியிருக்கும். ஊர்தி அதைப் படிக்கும் வரை ஒரு சத்தமும் இல்லை, மழைதான். சிவசைலத்தின் நாடி நூற்று நாற்பத்தெட்டு. அதில் நடிப்பு எதுவும் கிடையாது.

"திரும்புதேன்" என்றது குரல். "ஐயா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பதினெட்டு நிமிஷம்."

அந்தக் குரலில் இருந்த பரிவைக் கேட்டு ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது. ஊர்தி ஒரு பக்கமாக இறக்கையைச் சாய்த்து, சந்து மூடுவதற்குள் வளைந்து வெளியே வந்தது. தூத்துக்குடியில் பக்கக்காற்றில் அது இறங்கிய விதத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைய அவளால் அவ்வளவு நன்றாக இறக்கியிருக்க முடியாது.

நிலையத்தின் மருத்துவ அறையில் சிவசைலத்தைக் கிடத்தினார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஊசி போட்டால் நின்றுவிடும் என்று நர்ஸ் சொன்னாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

ஜெசிந்தாவின் கைபேசிக்கு அதற்குள் செய்தி வந்திருந்தது. பறப்பு முழுவதும் பதிவாகி, 29ஆம் தேதித் தேர்வோடு சேர்க்கப்பட்டு, தானாகவே மதிப்பெண் போடப்பட்டிருந்தது. ஜெசிந்தா பர்னாந்து தேர்ச்சி. நெருக்கடியில் சரியான முடிவு, சிறப்பான தரையிறக்கம். இந்த நொடிமுதல் இவரது முடிவுச்சுவட்டுக்குக் காலாவதி இல்லை. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: இடது இருக்கையில் இருந்த அடையாளம் தெரியாத பெண் தேடப்படுகிறார்.

அவள் அதை அவரிடம் நீட்டினாள். அவர் குறிப்பைப் படிக்கவில்லை. காலாவதி இல்லை என்ற வரியிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கும் இதே வரி வந்துச்சு. பதினோரு வருஷம் முந்தி" என்றார். "எங்க வீட்ல அவ போய் மூணு வருஷம் ஆவுது. காரியம் முடிஞ்சு வந்து ஊர்தியில ஏறுனேன். ஏறுன அன்னைக்கே ரெண்டு விலகல். ஒவ்வொரு நாளும் ரெண்டு. மூணாவது விழுந்தா வேலை போயிரும்னு, முன்னால எப்படி ஓட்டுவனோ அப்படியே ஓட்டப் பழகுனேன். ஒரு மாசத்துல விலகலே வரல. மனசு தேறிட்டுன்னு நெனச்சேன்மா."

ஜெசிந்தா கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அவ இருந்தப்ப இருந்த ஆளாத்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கேன். இன்னைக்குத்தான் பயந்தேன். இந்த நடுக்கம் இருக்கட்டும்."

சன்னலுக்கு வெளியே சென்னை விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் விமானி அவரோடு ஒரே ஆண்டில் சுவடு பதித்தவர். வரிசையாகத் தெரிந்த சின்னச் சின்ன சன்னல்களில் முகங்கள் இருந்தன. விமானம் மேலே எழும்பி மறையும் வரை இருவரும் பார்த்தார்கள்.

மறுநாளே நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார்கள். தேதியை மாற்றியதற்காகச் சிவசைலத்தின் உரிமம் பறிக்கப்பட்டது. அவர் அதை எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை. பறக்கும் ஊர்தியில் பொய்யான நோய்த் தகவல் தந்ததற்காக, ஜெசிந்தா ஐந்து வருடம் விமானி இருக்கையில் உட்காரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அடையாளம் தெரியாத பெண் அவள்தான் என்பதையும் அந்தத் தீர்ப்பே உறுதிசெய்தது. ஜெசிந்தா பர்னாந்து என்ற பெயரில் வழங்கப்பட்ட உரிமத்தை மட்டும் ரத்து செய்ய முடியாது என்றார்கள். ஓட்டியவர் எந்தத் தவறும் செய்யவில்லையே.

கரைக்கும் காற்றாலைகளுக்கும் இடையிலான குறுகிய வழிகளில், உரிமம் பெற்ற சுவடு ஆள் இல்லாமலும் பறக்கலாம் என்று ஜனவரியில் சட்டம் வந்தது. காற்றாலை நிறுவனம் முதலில் எடுத்துக்கொண்டது அந்த உரிமத்தைத்தான். துணிச்சலானது, எந்த வானிலைக்கும் பறப்பை ரத்து செய்யாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

இப்போது தினமும் காலையில் பன்னிரண்டு தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு அது கடலுக்கு மேலே போகிறது. மேகம் திரண்ட நாட்களில் ஜெசிந்தா வேலைக்குப் போவதில்லை. அது திரும்பி வரும் வரை கரையிலேயே நிற்கிறாள்.