மூன்றாம்படி வீடு

சமையலறைக் கதவுக்கு மேலிருந்த இடையறவுமானி இருபத்தேழு மணி ஐம்பது நிமிடம் காட்டியது. அக்டோபர்தான் ஆகியிருந்தது.

எட்டு வயது ஜெனோவாவைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லாத நேரத்தை மட்டும் அது கூட்டிக்கொண்டு வந்தது. அவள் அப்பா ரூபர்ட் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்த ஒரு பகல். துறைமுகச் சாலையில் பேருந்து நின்றுபோன சில மாலைகள். இருபத்தெட்டு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளையை அரசின் நான்காம்படி இல்லத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

"முதற்படி வீட்டுக்கு வருசத்துக்கு அவ்வளவுதான் கொடுத்திருக்கு," என்றார் படிநிலை ஆய்வாளர் சங்கரவடிவு.

"எனக்கே பாடமா மேடம்? அந்தக் கணக்கு எங்க தரவகத்துலேர்ந்து எடுத்ததுதான்."

தூத்துக்குடிக் கடலோரத் தரவகத்தில் ரூபர்ட் குளிரூட்டும் பம்புகளைப் பார்த்துக்கொண்டான். ஊரின் வங்கி, மருத்துவமனை, ரயில் எல்லாம் அங்கிருந்த கணினிகளில் ஓடின. தரவகங்களுக்கு நான்கு படிகள். மின்சாரமும் குளிர்ச்சியும் ஒற்றைவழியில் வந்தால் முதற்படி. வருடத்தில் ஒரு நாளுக்கு மேல் முடங்கலாம். சில உதிரி இயந்திரங்கள் இருந்தால் இரண்டாம்படி. எந்த ஒன்றைக் கழற்றிப் பழுதுபார்த்தாலும் ஓட்டம் தடைபடாதது மூன்றாம்படி. எது திடீரென்று செத்தாலும் தடைபடாதது நான்காம்படி. அது முடங்க வருடத்துக்கு இருபத்தாறு நிமிடம்தான்.

இயந்திரங்களுக்கு அது நன்றாக உதவியது. ஆறு வருடங்களுக்கு முன் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் அதைச் சட்டமாக்கினார்கள். நல்ல சட்டம் என்று ரூபர்ட்டும் சொன்னான். அப்போது மனைவி உயிரோடு இருந்தாள்.

"மூணாம்படிக்கு ஏறிடுங்க. மானி சுழியத்துலேர்ந்து ஓடும்," என்றார் சங்கரவடிவு. "மாற்றுவழி ஒண்ணு காட்டணும். சோதனை மூணு நாள். உங்களைக் கழற்றி வெளிய வச்சிருவோம். வீடு ஓடணும்."

கீழ்வீட்டு பிளாவியா துணி தைப்பவள். தனியாள். கேட்டதும் சரி என்றாள். பம்புக்கு எழுதுவதுபோலவே ரூபர்ட் பிள்ளைக்கும் நாற்பது பக்கம் பராமரிப்புக் குறிப்பு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தான். சாளை மீனுக்கு முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். இடி இடித்தால் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"இது பிள்ளையா, மெசினா தம்பி? மாதா கோயில் பாட்டுப் புஸ்தகம்கூட இத்தன பக்கம் இல்ல."

"படிச்சிருங்க அக்கா."

"பரீட்சை பெரியம்மாவுக்கா, உனக்கா?" என்று ஜெனோவா கேட்டாள்.

"நம்ம மூணு பேருக்கும்தான்."

"நீதான்ப்பா பெயிலாவ."

மூன்று நாளும் பம்பறைக்குப் பின்னாலிருந்த தங்கும் அறையில் கிடந்தான். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் நல்ல இடி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அது ஓயும்வரை அப்படியே இருந்தான்.

திரும்பி வந்தபோது ஜெனோவா இரட்டைப் பின்னலில் இருந்தாள்.

"பெரியம்மா இழுக்காம பின்னுதாவ. நீ இழுப்ப."

மானியில் சுழியம். சான்றிதழைச் சுவரில் மாட்டினான். யாரும் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது.

எட்டாம் நாள் தரவகத்திலிருந்து ஆணை வந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் இருந்த ஆழித்தரவகத்தில் பணி. இரண்டு வருடம். உடம்பை அந்த அழுத்தத்துக்குப் பழக்கி இறக்கினால் இடையில் மேலே வர முடியாது. ஒற்றைவழி வீட்டாரை அனுப்பக் கூடாது என்பது விதி. அதனால்தான் இதுவரை அவன் பெயர் பட்டியலில் ஏறவில்லை. வேலையை விடலாம். வருமானமில்லாத வீடு எந்தப் படியிலும் சேராது.

படிநிலை அலுவலகத்துக்கு ஓடினான்.

"மூணாம்படின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா சார்," என்றார் சங்கரவடிவு.

"எந்த ஒண்ணைக் கழத்தினாலும்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"ஓடும். உங்களைக் கழத்தினாலும் ஓடும். ஓட்டிக் காட்டிட்டீங்களே."

"திரும்ப முதற்படிக்கே இறக்கிருங்க மேடம்."

அவர் கோப்பை மூடவில்லை. விதியைத் தேடி இரண்டு முறை படித்தார்.

"இறக்கலாம். அதே சோதனை, மூணு நாள். மானி இருபத்திரண்டு மணியைத் தாண்டணும். அதுக்குள்ள நின்னா ரெண்டாம்படி. ரெண்டாம்படியில உதிரி ஆள் உண்டு, அதனால அந்த வீட்டாரையும் கடலுக்கு அனுப்பலாம்."

"இருபத்தெட்டைத் தாண்டினா?"

"பிள்ளை இல்லத்துக்குப் போயிரும்." குரலைத் தாழ்த்தினார். "பாத்து ஓட விடணும் சார். கப்பல் திங்கக்கிழமை. நாளைக்கே ஆரம்பிச்சா முடிச்சிரலாம்."

பிளாவியாவின் வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் ஜெனோவா வாய்ப்பாட்டைக் கத்திப் படித்தாள். ரூபர்ட் நடந்ததைச் சொன்னான். ஒரு நாள், ஒரே நாள், மேலே போகாமல், கதவு தட்டினாலும் திறக்காமல் இருந்தால் போதும் என்றான்.

பிளாவியா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"சோறு?"

"கொடுக்கக் கூடாது."

"அழுதா?"

அவன் அறுந்து கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றினான்.

"இடி இடிச்சா தம்பி?"

"ஒரு நாள்தான் அக்கா. அப்புறம் நான் இங்கயே இருப்பேன்."

"வாஸ்தவம்தான். ரெண்டு வருசத்துக்கு ஒரு நாளு சின்னதுதான்." அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "சரின்னு இப்ப உங்களுக்காகச் சொல்லிருவேன். மத்தியானம் அது சத்தம் கேட்டா என் காலு ஏணிப்படி ஏறிரும். அத நான் என்ன செய்ய?"

தெருவில் பதினோரு வீடுகள் இருந்தன. சத்தம் கேட்டதும் படியேறிவிடுவாள் என்பதற்காகத்தான் இவளைத் தேர்ந்தெடுத்தான்.

பிளாவியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள்.

"ஜெனோவா," என்று கூப்பிட்டாள். "சாப்பிட வா. உங்கப்பாவுக்கும் ஒரு தட்டு எடு."