தமிழில் எழுதிய முகம்

ட்ரிங்... ட்ரிங்...

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் பக்கத்து க்ளினிக்கில் டெலிபோன் அலறியது. டாக்டர் அம்ருதா எடுத்தாள்.

"உன் பெரியப்பாவோட டைரிய எரிச்சிரு. இல்லேன்னா நீயும் அவர்கிட்ட போய்ச் சேருவே!"

கட்!

அம்ருதா ரிசீவரை வைத்தாள்.

ஒரு மாதம் முன்பு இதே அறையில்தான் பெரியப்பா கல்யாணராமன் கழுத்தறுபட்டுக் கிடந்தார். முகத்துக்கு அழகு சேர்க்கும் சர்ஜன். சிலிக்கான் என்றாலே முகம் சுளிப்பார். மூக்குக்கு விலாக் குருத்தெலும்பு, கன்னத்துக்கு வயிற்றுக் கொழுப்பு... எல்லாமே நோயாளியின் சொந்தச் சரக்கு!

கொன்றவன் சங்கரலிங்கம். தூத்துக்குடியில் இரண்டு கொலை செய்துவிட்டு, இங்கே பொய்ப் பெயரில் வந்து முகத்தை மாற்றிக்கொண்டவன். மாற்றிவிட்ட டாக்டரையும் முடித்து, கம்ப்யூட்டரையும் உடைத்துவிட்டான். அவன் புது முகம் எப்படியிருக்கும்? க்ளினிக்கில் எல்லோரும் கட்டுப் போட்ட முகத்தைத்தான் பார்த்திருந்தார்கள்; போலீசுக்கே தெரியாது!

மிச்சம், பெரியப்பா வீட்டில் வைத்திருந்த டைரி. அதைத் தமிழில்தான் எழுதுவார்.

"பாண்டித்துரை!"

வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓடி வந்தான். கொலைக்குப் பிறகு பயந்துபோய் அவளே வேலைக்கு வைத்த ஆள்.

"என்னாச்சு டாக்டரம்மா? இப்படி வேர்க்குது!"

"அந்தப் பாவி போன்ல விளிச்சான்! டைரி கிட்டியாச்சு. ஆனா எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது. ஸ்கூல்ல மலையாளமாக்கும் படிச்சது. நீங்க வாசிச்சுத் தாங்கோ."

பாண்டித்துரை வாங்கினான். பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"'தொடைத் தோலை எடுத்து இடது கன்னத்துல வச்சேன்... கன்னம் கொஞ்சம் கறுத்திருக்கும்.'"

"வேறே?"

"அம்புட்டுதாம்மா. கன்னம் கறுத்த ஆளைத் தேடணும். இதை நானே ஸ்டேஷன்ல குடுத்துடறேன்."

"ஒரு தடவை கூடி வாசிங்கோ..."

"அதான் வாசிச்சேன்ல!"

"பொய் வாசிச்சேள்."

பாண்டித்துரை நிமிர்ந்தான்.

அம்ருதா ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

"நம்ம க்ளினிக்குல சாயா போடற ஆவுடையம்மாள் நேத்தைக்கே வாசிச்சுத் தந்தாச்சு. 'தீயில் போன இடது புருவத்துக்கு, அவனுடைய பின்தலை முடியையே வேரோடு எடுத்து நட்டேன். தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். வாரா வாரம் வெட்டவேண்டும்...'"

அவன் கை இடுப்புக்குப் போனது.

கத்தி!

"அறுத்தாத்தான் அடங்குவே!"

பாய்ந்தான்... பக்கத்து அறைக் கதவு படாரென்று திறந்தது! எஸ்.ஐ. நிகில் விட்ட உதையில் கத்தி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இரண்டு கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள். தொப்பி கழன்றது.

பின்தலையில் காதிலிருந்து காதுவரை நீளத் தழும்பு!

"சங்கரலிங்கம் சேட்டா... சுகம் தன்னே?" என்றார் நிகில். அவன் செல்போனைப் புரட்டினார். "வாசல்ல நின்னுண்டே டாக்டரை மெரட்டியிருக்கான்!"

அம்ருதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பெரியப்பா உனக்கு முகம் தந்தாரேடா... அவரையா கொன்னே?"

சாயா டம்ளரோடு வந்த ஆவுடையம்மாளை நிகில் பார்த்தார்.

"இவன்மேல எப்படிச் சந்தேகம் வந்தது?"

"ஞாயித்துக்கெழம தவறாம கத்தரிக்கோல் கேப்பான் சார். மீசைய வெட்ட மாட்டான், தாடிய வெட்ட மாட்டான். கண்ணாடி முன்னால நின்னு ஒத்தப் புருவத்தை மட்டும் வெட்டுவான்!"

விலங்கு மாட்டியபோது சங்கரலிங்கம் முனகினான்.

"சார்... ஜெயில்ல கத்தரிக்கோல் குடுப்பாங்களா?"

நிகில் வாய் திறப்பதற்குள் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

"எதுக்குலே? ஆயுள் முழுக்க வளத்து, சடை பின்னிப் பூ வச்சுக்கோ!"