மரியாதைக்கு ஒரு வாங்க

மழை பெய்து மூன்று வாரமாகிறது. ஆனாலும் மாலை ஆறரை மணிப் படகில் அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் தினமும் ஈரமாகவே இருந்தது.

"யாருங்க இங்க தண்ணி கொட்றது?" என்று டிக்கெட்காரரிடம் கேட்டாள்.

"உங்க பக்கத்துல யாரு அக்கா உக்கார்றாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார். வேடிக்கைக்குச் சொன்னதுதான், ஆனாலும் சுருக்கென்றது.

கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுக்கு. பகல் முழுக்க "அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டே நாக்கு தேய்ந்துவிட்டது. அவளை வா என்று சொல்லத்தான் ஒரு நாதி இல்லை. அம்மா இறந்த பிறகு, "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழையும் பழக்கத்தையும் விட்டுவிட்டாள். யாரிடம் சொல்வது, சுவரிடமா?

அன்று கரை விளக்குகள் தண்ணீரில் நெளிய, டீசல் புகையும் பாசி வாடையும் மூக்கில் ஏற, இயந்திரத்தின் கடகடப்பில் அவளுக்குக் கண் சொருகியபோது, தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு குரல் காதருகே சொன்னது.

"அப்ப நான் வரேன்."

விடைபெறுகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான். அவளும் பழக்கதோஷத்தில், பாதித் தூக்கத்தில், "வாங்க" என்றாள்.

விழித்துப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. படகு நடு ஆற்றில் இருந்தது. அங்கே இறங்குவதற்குத் துறை ஏது?

கரை வந்ததும் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் சதக் சதக்கென்று ஈரக்கால் சத்தம். நின்றால் அதுவும் நின்றது. எல்லாம் பிரமை, பைத்தியக்காரி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்று மாடி ஏறினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அப்பாடா.

விளக்கைப் போட்டாள். சாப்பாட்டு மேஜையில் அம்மாவின் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட். சொட்.

"வந்துட்டேன்" என்றது அந்தக் குரல்.

அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! இப்போது கதவுப் பக்கமாகப் பின்வாங்கினாள்.

கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக. பொறுமையாக.

"வாங்கன்னீங்களே" என்றது நாற்காலி. "எல்லாரையுந்தான்னு நெனச்சோம்."

கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு வளைவு வரைக்கும் வரிசை. எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். முதலில் நின்றவர் துளையை நோக்கிக் குனிந்தார். அவருக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தளும்பியது.

"அடுத்தவங்க வரலாமா?"