அடுப்பின் அளவு

துடைப்பத்தின் நீளக் கம்பில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

காலையில் சமையலறையைப் பெருக்க எடுத்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். சாக்பீஸ் கோடு, கம்பைச் சுற்றி முழு வளையமாக. கொஞ்சம் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. பாப்பாவின் வேலையாக இருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெருக்கத் தொடங்கினாள். பாதி அறை முடிந்த பிறகுதான் கை நின்றது. கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி பிசகில்லாமல் ஒரே அளவு; ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி வராது. ஒரு முழத்துக்கு இரண்டு விரல் குறைவு. இந்த வீட்டு இரும்பு அடுப்பின் வாய்க்குள் நுழையும் விறகின் அளவு அது. அந்த அளவு கையில் ஊறிப்போன ஆள் ஒருவர்தான். அவரைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மரம் அறுப்பதுதான் அவள் கணவருக்குத் தொழில். ஊரில் அவருக்குப் பெயரே 'அளவு'. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புச் சாக்பீஸ் கிடக்கும். எந்தக் கட்டையானாலும் முதலில் அளவுக்குச்சியை வைத்துக் கோடு, பிறகுதான் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம். கோடு போட்டதை அறுக்காமல் அவர் விட்டதே இல்லை, சாப்பாடு ஆறினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. "வீட்டு நாற்காலிக்கும் கோடு போட்டுடுவீங்க போல" என்று கல்யாணமான புதிதில் அவள் கேலி செய்ததுண்டு. "உனக்கே போடுறேன், ஆடாம நில்லு" என்று அவர் சாக்பீஸோடு வீடு முழுக்கத் துரத்தினார். அன்று அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அளவுக்கு அடுத்தபடி அவருக்குப் பெட்ரோல். ரம்பம் மாதிரிச் சின்ன எஞ்சின்களுக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகவே ஆகாது என்பார். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், ரப்பர் குழாயை ஊதவைக்குமாம், மாதக்கணக்கில் கிடந்தால் கார்ப்பரேட்டரைப் பசை போட்ட மாதிரி அடைத்துவிடுமாம். பக்கத்திலேயே பங்க் இருக்க, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக ஏரிக்கரையில் படகுக்காரர்கள் வாங்கும் கடைக்குப் போய்வருவார். கோடையில் ஒருநாள் கேன் காலியாகக் கிடந்தது. அவருக்கு ஓர் அலைச்சல் மிச்சமாகட்டும் என்று அவளே பங்க்கில் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். சொன்னால் கத்துவார் என்று சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனாள். குளிர் தொடங்கிய வாரம் அவர் அந்தக் கேனைத்தான் எடுத்துக்கொண்டு போனார். மரம் பாதி அறுபட்டிருக்கும்போது ரம்பம் இருமி நின்றுவிட்டது. அவர் குனிந்து கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். மரம் காத்திருக்கவில்லை.

எல்லோரும் அழுதார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. கூட வேலை செய்தவர்கள் ரம்பத்தையும் கேனையும் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்தபோது, பால்காரரிடம் சில்லறை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பாப்பாவுக்குச் சோறு ஊட்டினாள், அடுப்பில் விறகு வைத்தாள், சாம்பல் அள்ளினாள். அவ்வளவுதான். நெஞ்சு இருந்த இடத்தில் ஏதோ மரத்துப்போன சதை கிடந்தது, கிள்ளினாலும் வலிக்காது.

துடைப்பத்தில் கோட்டைப் பார்த்த அன்று, பொழுது சாயும் நேரத்தில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். வெளியே பனி பெய்வது நின்று, மரங்களும் வேலியும் ஒரே சாம்பல் நிறத்தில் மங்கிக்கொண்டிருக்க, அடுப்புக்குள் ஈர விறகு சீறுவதையும் புகைக்குழாய் சூடேறி டொக் டொக்கென்று நெளிவதையும் கேட்டபடி அவள் உட்கார்ந்திருந்தபோது, அதற்கெல்லாம் அடியில், கொட்டகைப் பக்கமிருந்து, யாரோ கயிற்றை இழுத்து விடும் சர்ரென்ற ஓசை வந்தது. மறுபடி. மறுபடி. எஞ்சின் ஒரு கணம் பிடித்தது, உறுமியது, தொண்டை அடைத்து நின்றுபோனது.

"அப்பா மெஷின் இருமுது" என்றாள் பாப்பா, படம் வரைந்த தாளிலிருந்து தலை நிமிராமல்.

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்திருப்பது பெரிய வேலையாகத் தோன்றியது.

வாரக் கடைசியில் நாத்தனார் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், குரலும் பேருந்து மாதிரிதான் இருக்கும். ஒரு கையில் மளிகைப் பை, மறு கையில் பெட்ரோல் கேனோடு கொட்டகைப் பக்கமாகச் சுற்றி வந்தவள், வாசலில் நின்றே கேட்டாள்.

"அண்ணி, ஏணியை ஏன் இப்படிப் பாழ் பண்ணி வச்சிருக்கீங்க?"

கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த மர ஏணி. கால்கள் இரண்டிலும் சிவப்புக் கோடு, கோட்டின் மேலேயே ரம்பம் பதிந்த வெட்டு, பாதி ஆழத்தில் நின்றுபோயிருந்தது. கீழே பனியின் மேல் புது மரத்தூள் மஞ்சளாகக் கிடந்தது.

"நான் பண்ணலை."

"பின்னே பூனையா பண்ணுச்சு? விறகு இல்லேன்னா ஒரு போன் போட வேண்டியதுதானே? ஏணியைப் போய் அறுக்கிறீங்களே!" திட்டிக்கொண்டே உள்ளே வந்து கேனைக் கீழே வைத்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வர்றேன், இருக்கிற கட்டையை அறுத்துக் குடுத்துடுவான். இது படகுக் கடைப் பெட்ரோல், எத்தனால் கிடையாது. அந்தப் பழசை முதல்ல கொட்டித் தொலைங்க."

நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். கேனில் நிரப்பியது பங்க் பெட்ரோல் என்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இவள் சொல்லியிருந்தாள்.

"சாயங்காலமானா ரம்பச் சத்தம் கேட்குது" என்றாள் இவள்.

நாத்தனார் மளிகைப் பையையும் இறக்கி வைத்தாள். பிறகு அவள் பேசியது அவளுடைய குரலாகவே இல்லை. "எங்கண்ணன் உங்களைத் தப்பா நினைக்க மாட்டான் அண்ணி. கிளம்புங்க, ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இப்பவே."

"அடுப்பை அணைச்சுட்டுப் போனா குழாய்த் தண்ணி உறைஞ்சு வெடிச்சிடும். ஞாயித்துக்கிழமை வர்றோம்."

அது சாக்குத்தான் என்று சொன்னவளுக்கும் தெரியும். பாப்பாவின் துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைப்பதை நினைத்தாலே கை கனத்தது. நாத்தனார் பாப்பாவைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டுவிட்டுப் போனாள். வண்டிச் சத்தம் திருப்பத்தில் தேய்ந்து மறைந்தது.

அதற்குப் பிறகு தினமும் புதுக் கோடுகள் வந்தன. வாசல் பெஞ்சில். மறுநாள் கதவின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மறுநாள் சமையலறை நாற்காலியின் கால்களில். துடைத்தால் போய்விடும், திரும்பிப் பார்த்தால் இருக்கும். சாயங்காலங்களில் கயிறு இழுபடும் சத்தம் வாசல் வரை வந்து கேட்டது. எஞ்சின் பிடிக்கும், வாசல் பெஞ்சின் மரத்தைக் கொஞ்சம் கடிக்கும், இருமி நிற்கும். காலையில் பெஞ்சில் வெட்டு ஒரு விரல் ஆழம் கூடியிருக்கும். அதன்மேல் புளித்துப்போன பெட்ரோல் நாற்றம் வீசும்.

ஒரு நாள் மதியம் பாப்பாவின் கட்டில் காலில் கோடு இருந்தது.

அவள் அதன் முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உள்ளே ஏதோ அசைந்தது. பயமில்லை, பரிதாபம். பாவம் மனுஷன். கயிற்றை இழுத்து இழுத்து, அந்தக் கடைசி நிமிடத்திலேயே நின்றுபோய்விட்டார். பிள்ளை குளிரில் கிடக்கக் கூடாது, விறகு அறுத்துப் போட வேண்டும். அந்த ஒரு நினைப்புதான் மிச்சமிருக்கிறது, அதற்கும் நான் ஊற்றிய பெட்ரோல் விடமாட்டேன் என்கிறது. நல்ல பெட்ரோல் கிடைத்தால் வேலையை முடிப்பார். முடித்தால் போய்ப் படுத்துக்கொள்வார். இது இவ்வளவு சுலபமாக இத்தனை நாளும் ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாப்பாவை அடுப்பின் முன் கம்பளத்தில் தூங்கவைத்துவிட்டுப் புதுக் கேனோடு கொட்டகைக்குப் போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ரம்பத்தைத் தொட்டபோது எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கும் அவள் கையை எடுக்கவில்லை. பழைய பெட்ரோலைத் தகரத் தட்டில் கவிழ்த்துக் கொட்டினாள். காவி நிறத்தில் கலங்கலாக, அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து வழிந்தது. ரம்பத்தின் பெட்ரோல் டேங்கைக் கழுவினாள். அவர் செய்யப் பார்த்திருந்தபடியே புதுப் பெட்ரோலில் எஞ்சின் எண்ணெயைக் கலந்து குலுக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி மூடினாள்.

"இந்தாங்க. நல்லது" என்றாள். "மன்னிச்சிடுங்க."

அப்போதுதான் அழுகை வந்தது. வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகும் நிற்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே கடைசி விறகை அடுப்பில் வைத்தாள். உடம்பு லேசானது. ஒரு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது.

வெளியே பொழுது சாய்ந்தது.

கயிறு இழுபடும் சத்தம். ஒரே ஒரு தடவை.

முதல் இழுப்பிலேயே ரம்பம் பிடித்துக்கொண்டது. என்ன அருமையான சத்தம்! அடைப்பில்லை, இருமல் இல்லை. வாசல் பெஞ்சு இரண்டாக விழுவது கேட்டது. பிறகு மூன்றாக. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாப்பா போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தாள். எடுத்துப் போர்த்திவிடக் குனிந்தாள்.

பிள்ளையின் இரண்டு கால்களிலும், முழங்காலுக்குச் சற்று மேலே, சிவப்பாக ஒரு வளையம்.

நெஞ்சில், சட்டையின் குறுக்கே, இன்னொன்று.

நடுவே இருந்த இடைவெளியை அவள் அளக்கவில்லை. அளக்கவே வேண்டியதில்லை.

எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. சுரண்டுகிற கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, அதைச் சுற்றி, கோடு. பெட்ரோல் வாசனை வீசும் அதே கை.

வெளியே எஞ்சின் நிதானமாக ஓடியது. பெஞ்சு முடிந்துவிட்டது. சத்தம் வாசற்படி ஏறியது. எழுந்திருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்க வேண்டும். பின்கதவு. கை மட்டும் கோட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

கதவின் குறுக்கே போட்டிருந்த கோட்டில், இந்த ஓரத்தில், ரம்பத்தின் நுனி உள்ளே வந்தது. கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல் நகர்ந்தது. மரத்தூள் மஞ்சளாக உள்ளே கொட்டியது.

பாப்பா புரண்டு படுத்தாள். கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"அம்மா, அப்பா மெஷினுக்கு இருமல் சரியாப் போச்சு."