கோட்டைப் பல்லி விழும் பலன்

சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் பாதிப்பேர் நெற்றிப்பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு 'நீர்க்கோட்டை' ஆட்டத்தின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி இருக்கையிலிருந்த புஷ்பம் விரித்த புத்தகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கையேட்டை எழுதியவள் அவள்தான்.

முன் இருக்கையில் புதுப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவர் மனைவியிடம் ரகசியம்போலச் சொன்னார்:

"அகழியில இருக்கிற பூதம் வெள்ளிக்கிழமை கவிச்சி திங்காதாம். அன்னைக்குப் பாசிதான்."

"அப்ப வெள்ளிக்கிழமை எறங்கிருவோம். மத்த நாள்ல எறங்குனா உங்களைத்தான் மொதல்ல திங்கும். சதை இருக்குல்ல."

இருவரும் சிரித்தார்கள். ஆட்டத்தை அவர்கள் இன்னும் திறக்கவேயில்லை.

நெற்றிப்பட்டை வந்தபிறகு ஆட்டங்களுக்கு விதிகளே தேவைப்படாமல் போயிருந்தன. பட்டை நெற்றியில் பட்டதும், ஆடுபவர் மனதில் எழுவதை ஆட்டமூளை படித்துவிடும். வாள் வேண்டும் என்று நினைத்து முடிக்குமுன் கையில் வாள் இருக்கும். யாரும் தோற்பதில்லை. ஒருவர் ஆடியதுபோல இன்னொருவர் ஆடுவதுமில்லை. அதனால் ஆடி முடித்தவரிடம் அடுத்தவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பிறர் கண்ட கனவை எவ்வளவு நேரம்தான் காது கொடுத்துக் கேட்பது?

'நீர்க்கோட்டை' ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்துக்கு வேறொரு கவலை. பெட்டியைத் திறந்தால் நகம் அளவுக்கு ஒரு சில்லு, அவ்வளவுதான். பரிசாகக் கொடுக்கக் கனமாக ஏதாவது இருக்கட்டுமே என்று சிவகாசியில் செல்வின் அண்ணாச்சியின் அச்சகத்தில் ஒரு சிறு புத்தகம் போடச் சொன்னார்கள். ஊறுகாய் லேபிள்களுக்குப் பிழைதிருத்திக்கொண்டிருந்த புஷ்பத்திடம் அந்த வேலை வந்தது. நிறுவனம் அனுப்பியது படங்களை மட்டும்தான். மற்றதெல்லாம் அவள் எழுதியது. வாளின் எடை, பூதத்தின் சாப்பாடு, கோட்டையை யார் கட்டினார்கள், ஏன் வடக்குச் சுவர் மட்டும் கோணல், நாலாக மடித்த வரைபடம், கடைசியில் வாசகர் எழுதிக்கொள்ளக் கோடு போட்ட ஒரு பக்கம்.

படித்தவர்களின் மனதில் அவையெல்லாம் ஏறின. மனதில் இருந்ததை ஆட்டமூளை ஆட்டத்தில் கொண்டுவந்தது. முதன்முறையாக எல்லோரும் ஒரே கோட்டைக்குள் போனார்கள்.

நாலு பக்கத்தால்தான் வந்தது வினை.

அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். புஷ்பம் எழுதியது கடைசிப் பாரத்தில் நாலு பக்கம் குறைந்தது. வெற்றுத்தாளோடு புத்தகம் போனால் அடுத்த வேலை வராது என்பது அண்ணாச்சியின் அசையாத நம்பிக்கை.

"காலண்டர் பின்னாடி எடம் கெடந்தா என்ன போடுவோம்? பல்லி விழும் பலன். அதையே போடு, தாயி."

"கோட்டைக்கா, அண்ணாச்சி?"

"கோட்டைன்னா பல்லி இருக்காதா?"

அவள் ஆசை ஆசையாக எழுதினாள். இடது தோளில் விழுந்தால் கிழக்கு வாசல் திறக்கும். உச்சந்தலையில் விழுந்தால் பகைவன் சம்பந்தியாவான். முழங்காலில் விழுந்தால் வந்த வழியே திரும்பி நடக்க நேரும். அட்டவணைக்கு மேலே ஒரு வரியும் சேர்த்தாள்: 'பல்லி தானாக விழ வேண்டும். எதிர்பார்த்து நிற்பவர் மேல் விழாது.'

புத்தகம் வெளியான மறுமாதம் நிறுவனத்திலிருந்து வைதேகி வந்து இறங்கினார். ஆட்டமூளையைப் பராமரிப்பவர் அவர். நாற்காலியில் உட்காருமுன்பே கேட்டார்:

"எங்க ஆட்டத்துல பல்லியே கிடையாது. யார் எழுதினது?"

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். புஷ்பம் கையை மட்டும் உயர்த்தினாள்.

"ஆடுறவங்க எல்லாரும் கோட்டைக் கூரைக்குக் கீழ அசையாம நிக்கிறாங்க. பல்லி விழணும்னு மனசுல ஆசை. ஆசைப்பட்டா விழாதுங்கிறதும் அதே மனசுல இருக்கு. ஆட்டமூளை எதைக் கொடுக்கும்? அது திணறிப் போய் ஆட்டமே உறைஞ்சு நின்னுடுது."

"ரொம்பக் கோவமா இருக்காங்களோ, மேடம்?" என்றார் அண்ணாச்சி.

"அதான் எனக்குப் புரியல. ஒருத்தர்கூடப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கல." வைதேகி குரலைத் தாழ்த்தினார். "ஆனா மேல முடிவு பண்ணிட்டாங்க. இனி கையேடு வேண்டாமாம். கிடங்குல இருக்கிறதைக் கூழாக்கிடச் சொல்லிட்டாங்க."

புஷ்பத்துக்கு இனி மறுபடி ஊறுகாய் லேபிள். எலுமிச்சைக்கு ஒற்றுப் போட்டாயா, மாங்காய்க்குப் போட்டாயா என்று வாழ்நாள் முழுக்க. பேருந்தில் சிரித்த அந்த இருவரின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"எங்க வீட்டுப் பல்லி யார் மனசையும் பாத்து விழுறதில்லையே, மேடம்."

"அது நிஜப் பல்லி. இது..." வைதேகி நிறுத்தினார். தாம் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த கையேட்டை எடுத்தார். அட்டவணைப் பக்கம் அவர் தேடாமலே திறந்துகொண்டது. அவரும் பலமுறை பார்த்த பக்கம் போலும். "பல்லி விஷயத்துல மட்டும் மனசைப் படிக்காதேன்னு அதுகிட்ட சொல்லலாம். ஆனா, பிறகு எதை வச்சு முடிவு பண்ணும்?"

"இதைக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்களேன்," என்றார் அண்ணாச்சி. "சும்மாதான கெடக்கு."

கொடுத்தார்கள். ஆட்டமூளை தன் வாழ்நாளில் படித்த முதல் புத்தகம் அது. அதுவரை மனங்களைத்தான் படித்திருந்தது. கூழாக்கும் வேலை ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அந்த வாரத்தில் பல்லிகள் விழத் தொடங்கின. எப்போது, யார்மேல் என்று யாருக்கும் தெரியாது.

"எனக்கு முழங்கால்ல விழுந்துருச்சு மாப்ள, திரும்ப நடக்கேன் பாத்துக்க!" என்று ஒருவன் தெருவின் இந்த முனையிலிருந்து கத்தினால், அந்த முனையில் நாலுபேர் அவனுக்காக வருந்தினார்கள். தோற்றவர்கள் தோற்றதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். கிடங்கு காலியானது. இரண்டாம் பதிப்புக்கு ஆணை வந்தது. லேபிள் வேலை வேறொருவருக்குப் போயிற்று. புஷ்பம் அச்சகத்து மாடியில் தனி மேசையில் உட்கார்ந்து, வடக்குச் சுவரின் கோணலுக்கு இரண்டாவது காரணம் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். அதைவிடச் சுகமான வேலை உலகில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை வைதேகியும் யோசித்திருக்கவில்லை. மனமறியும் எந்திரங்கள் எல்லாம் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்பவை. நினைத்ததைக் கொடுத்தால் மனிதர்கள் சலிக்கிறார்கள், கொடுக்காமல் வைத்திருந்தால் சிரிக்கிறார்கள் என்று ஆட்டமூளை கண்டுகொண்டதை மற்ற எந்திரங்களும் கண்டுகொண்டன.

பேருந்து நிலையத்துத் தேநீர் எந்திரம் அதுவரை கேட்குமுன்பே நினைத்ததைத் தந்துவந்தது. ஒரு காலையில் அது செல்வின் அண்ணாச்சிக்குச் சுக்குமல்லிக் காப்பி கொடுத்தது. மறுநாள் வெந்நீர். ஓட்டுநரில்லா ஆட்டோ ஒரு மணப்பெண்ணின் தாயைக் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. என்ன கணக்கு என்று தெரியாமல் ஊரே அச்சகத்து வாசலுக்கு வந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இதுக்கெல்லாம் ஒரு கையேடு போடுங்க.

"கணக்கே இல்லையே, எதை எழுத?" என்று புஷ்பம் தொலைபேசியில் வைதேகியிடம் கேட்டாள்.

"நீங்க எழுதுறதுதான் கணக்கு. எழுதிக் கொடுங்க. அதுங்க அதைத்தான் படிக்கும்."

புஷ்பம் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி தேநீர் எந்திரத்தில் வாங்கிய குவளையோடு மாடியேறி வந்தார்.

"மொத வரியிலேயே போட்டுரு, தாயி. அச்சகத்து அண்ணாச்சிக்கு எந்நாளும் ஸ்ட்ராங் டீ."

போட்டால் அப்படியே நடக்கும். நாளைக்கும் நடக்கும், அவர் இருக்கும்வரை நடக்கும். அவள் அவர் கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். திட்டிக்கொண்டே அடிவரை குடித்திருந்தார்.

அவள் எழுதினாள்: 'வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவரிடம் பேசிக்கொண்டிருப்பவருக்கு நினைத்தது கிடைக்கும். சில நாள்.'

அண்ணாச்சி தலையைச் சாய்த்துப் படித்தார். "சில நாள்னா எந்த நாளு?"

"அதைக் கையேட்டுல போட மாட்டோம், அண்ணாச்சி."

அவர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார். புத்தகம் அச்சேற இன்னும் பல நாள் இருந்தது. எந்திரத்துக்கு இந்த வரி எட்டக்கூட இல்லை. ஆனாலும் மறுநாள் காலை தேநீர் வரிசையில் நின்ற அண்ணாச்சி இருமுறை தொண்டையைச் செருமிவிட்டுப் பின்னால் திரும்பினார். பல வருடமாகத் தினமும் தமக்குப் பின்னால் நிற்கும் மனிதரை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"